‘பேப்பர் எதுக்கு’ என்பவரிடம் துப்பாக்கி வாங்காதீர்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். எச்-1பி வேலை விசாவில் ஹூஸ்டன் வந்து சில மாதம் ஆகிறது. ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் தன்னுடைய ஸ்மித் அண்ட் வெஸன் 629 ரிவால்வரை விற்கிறார். .44 மேக்னம் தோட்டா போடுவது, 3 அங்குலக் குழல், முனையில் போர்ட்டிங் செய்தது, அதாவது வாயு வெளியேறத் துளை வெட்டியது. “நமக்குள்ள பேப்பர் எதுக்கு, காசைக் கொடுத்துட்டு எடுத்துக்கோ” என்கிறார். வாங்கலாமா, கை தாங்குமா? கூடவே எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, காரை லீசில் எடுப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் காருக்கும் யோசனை சொல்ல ஆளுக்கொரு சமையல் கொண்டு வரும் சனிக்கிழமை பாட்லக் விருந்தில் ஆள் வரிசையில் நிற்கும். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

அந்த ‘பேப்பர் எதுக்கு’தான் என்னை எழுத வைத்தது. டெக்சஸில் வசிக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் துப்பாக்கி விற்று வாங்கிக்கொள்ள கடைக்குப் போக வேண்டியதில்லை, பின்னணிச் சோதனையும் கிடையாது. ஆக அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சட்டம் வேறு, உங்களுடையது வேறு. எச்-1பி, எஃப்-1, எல்-1 என்று தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று 1998-லேயே ஃபெடரல் சட்டம் வந்துவிட்டது. வாங்கினால்தான் குற்றம் என்றில்லை, வைத்திருந்தாலே குற்றம். சுடும் பயிற்சிக்கான ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டு போட்டோ போடுகிறார்களே நம் பையன்கள், அதுவும் இதில்தான் வரும். 2022-லிருந்து அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. ஜெயிலை விடுங்கள், துப்பாக்கிக் குற்றம் ஒன்றே நாடு கடத்தப் போதுமான காரணம். க்ரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கப் போகிறவர் நீங்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

வழி இல்லாமல் இல்லை. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. துப்பாக்கிக் கடையில் வாங்குபவர் எழுதித் தரும் 4473 என்ற ஃபெடரல் படிவம் நிரப்பும்போது அதைக் காட்ட வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குவார்கள். டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அடுத்ததை எடுக்காமல் விட்டால், செப்டம்பர் முதல் தேதி காலையில் உங்கள் அலமாரியில் இருப்பது சட்டவிரோத ஆயுதம். “தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019-லிருந்து லைசென்ஸே வேண்டாமே” என்று ஒரு மேதாவி வருவார். பன்றிக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். க்ரீன் கார்டு நண்பரிடம் காசைக் கொடுத்து அவர் பெயரில் வாங்கச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுவீர்கள். எதற்கும் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

நானும் 1998-ல் வந்தவன்தான். கூட்டி வந்த கன்சல்டன்சிக்காரன் பிராஜெக்ட் கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது என்று சொல்லிவிட்டான். தென்மேற்கு ஹூஸ்டனில் ஒரு அபார்ட்மென்டில் பாய் விரித்துப் படுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். காலிங் கார்டில் அம்மாவிடம் “நல்லா இருக்கேன்” என்று சொல்லும்போதே நிமிடம் தீர்ந்துவிடும். அப்போதும் ஒருவர் வந்தார்: “கேஸ் ஸ்டேஷன்ல ராத்திரி வேலை, கையில காசு, பேப்பர் கிடையாது.” எங்கள் அறையில் இருந்த ஒரு பையன் போனான். பிறகு விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. ‘பேப்பர் வேண்டாம்’ என்று சொல்கிறவனுக்கு எப்போதும் அவனுடைய பேப்பர் சரியாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

சில வருடம் கழித்து வீடு வாங்கியபோது பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், பரம்பரை டெக்சன். டெக்சஸில் லானோ என்ற ஊர்ப் பக்கம் மான் வேட்டைக்கு நிலம் குத்தகை எடுத்திருந்தார். என்னையும் கூட்டிப் போவார். துப்பாக்கியை நீட்டினால், “இன்னும் க்ரீன் கார்டு வரலை சார்” என்று பைனாகுலரை மட்டும் வாங்கிக்கொள்வேன். முதலில் சிரித்தார், பிறகு அதற்காகவே என்னை மதிக்க ஆரம்பித்தார். இருபது வருடம் இங்கே இருந்தும் அக்கம்பக்கத்தில் ஒருத்தரோடும் பேசாமல், “இந்த நாடே துப்பாக்கி நாடுங்க” என்று சலித்துக்கொள்ளும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தக் கிழவரிடம்தான் நான் எல்லாம் கற்றேன். அவர் இடுப்பில் இருந்ததும் இதே 629, இதே 3 அங்குலம். காயம்பட்ட பன்றி திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்காக வைத்திருந்தார்.

சரி, கை தாங்குமா? .44 மேக்னம் 1950-களின் நடுவில் வந்த தோட்டா. பொதுவாகக் கிடைக்கும் குண்டு 240 கிரெய்ன், அதாவது பதினைந்தரை கிராம். இது நீளக் குழலுக்கும் தகும் அளவு வெடிமருந்து போட்டது. 3 அங்குலத்தில் மருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும், மிச்சம் வெளியே வந்து எரியும். போர்ட்டிங் என்பது முன்குறியின் (குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் முனைப்பு) இரண்டு பக்கமும் குழலில் வெட்டிய துளைகள். வாயு அதன் வழியாக மேலே சீறி முனையைக் கீழே அழுத்தும். அதனால் முனை துள்ளுவது குறையும். உள்ளங்கைக்கு வரும் உதை பெரிதாகக் குறையாது, கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிவதும் நிற்காது. சத்தமும் நெருப்பும்தான் கூடுதல் வரவு. சாயங்காலம் இருட்டின பிறகு சுட்டுப் பாருங்கள், இரண்டு புஸ்வாணம் ஒரே நேரத்தில் மேலே போகும், அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. ராத்திரி வீட்டுப் பாதுகாப்புக்கு என்று இதை வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. உடம்போடு ஒட்டி வைத்துச் சுடவே கூடாது. அந்த வாயு உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

காதில் ப்ளக், அதற்கு மேல் இயர்மஃப், இரண்டும் வேண்டும். 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடிச் சத்தம் காதைக் கெடுக்கும், இது அதைத் தாராளமாகத் தாண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அதன் பக்கத்தில் விரல் போனால் கிழிந்துவிடும். முதல்முறை சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். உதையில் பயந்து விரல் தானாக இன்னொரு முறை விசையை இழுத்து, துப்பாக்கி மேலே பார்த்தபடி வெடித்த விபத்துகள் உண்டு. .44 ஸ்பெஷல் தோட்டாவும் இதில் போகும், பல மாதம் அதிலேயே பழகுங்கள். ஆனால் அது குட்டையானது. சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைக்குள் ஒரு கரி வளையம் விட்டுப் போகும், தேய்த்து எடுக்காவிட்டால் மேக்னம் தோட்டா உள்ளே இறங்க அடம்பிடிக்கும். குட்டைக் குழலில், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியும் குட்டை. காலிக் கூடு முழுசாக வெளியே வராது. முனையை வானத்துக்குத் தூக்கி, கம்பியை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். முன்குறியின் சிவப்புப் பட்டை சீக்கிரமே கரி ஏறிக் கறுத்துவிடும், சட்டைப் பையில் ஒரு துணி வைத்திருங்கள். வெறும் ஈயக் குண்டு போட்டால் துளைகளில் ஈயம் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பெட்டியும் பூட்டும் முதல் நாளே. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைப்பது டெக்சஸில் குற்றம். தலையணைப் பக்கத்து டிராயரில் வைத்துக்கொண்டு வீரம் பேசுகிற இரண்டு மூன்று நம்மூர்க் குடும்பத்தை எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்கு என் பிள்ளைகளை விளையாட அனுப்பியதில்லை.

இன்னொன்று, இதை இங்கே யாருமே சொல்ல மாட்டார்கள். ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பையை ஊருக்குப் போகும் பையாக ஒருபோதும் ஆக்காதீர்கள். தையல் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்து, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்து, இந்தியாவின் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, லீவு முழுக்கக் கோர்ட் வாசலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இருந்தது என்று உயர்நீதிமன்றம் வரை போய் ரத்து வாங்கியவர்களும் உண்டு, ஆனால் அதற்குள் தங்கச்சி கல்யாணமே முடிந்துவிடும்.

உங்கள் ஆபீஸ்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “லைசென்ஸ் எடுத்துட்டு வரேன், கடை வழியா மாத்திக் கொடுங்க, அந்தக் கட்டணம் என்னுது.” ஒத்துக்கொண்டால் குழலையும் துளை ஓரங்களையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கடைக்கு வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். 629 அபூர்வப் பொருள் இல்லை, பழையது எப்போதும் எங்காவது விற்பனைக்கு இருக்கும்.