யானைமலையில் பனி

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தோம். மாயாஜால நாவல்களின் அட்டைகளைப் பார்த்தே நானும் என் தங்கையும் சிரித்துத் தீர்த்தோம். எல்லாவற்றிலும் ஒரே முக்காட்டுக்காரன், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு தலைப்பில் நாலு ‘இன்’ இருந்தது: ‘இருளின் சிம்மாசனத்தின் வாரிசின் சாபத்தின் கதை’. நான் அதை வாசித்து முடிப்பதற்குள் தங்கை அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டாள்.

அப்புறம் உங்கள் நாவல். கதை நடப்பது ஒத்தக்கடையில். அட்டையில் யானைமலை உச்சியில் பனி உறைந்து கிடக்கிறது! அதையும் குரூப் 4 கைடுகளுக்கு நடுவில்தான் கண்டெடுத்தேன். அட்டை போடுகிறவர்கள் கதையைப் படிக்கவே மாட்டார்களா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ரா., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

கோபமெல்லாம் இல்லை. அந்தப் பனியை முதலில் பிடித்தது என் அம்மா. புத்தகத்தைக் கையில் வாங்கியதும், “மலைக்கு எதுக்குடா சுண்ணாம்பு அடிச்சிருக்காய்ங்க?” என்றார்.

படிக்க மாட்டார்கள். படிக்க நேரம் கொடுப்பதில்லை என்பதுதான் சரி. பெரும்பாலும் ரேப்பர் என்கிற அட்டை வேலை கடைசி ராத்திரியில்தான் நடக்கும். டிசைனர் முதலில் கேட்பது ‘என்ன கதை’ என்றல்ல, ‘எத்தனை பக்கம்’ என்று. பக்கக் கணக்கு தெரிந்தால்தான் புத்தகத்தின் முதுகு எத்தனை மில்லிமீட்டர் என்று போட முடியும். கதையைப் பற்றிக் கேட்டபோது நான் போனில் சொன்னது மூன்றே சொற்கள்: மலை, குதிரை, வேதாளம். இணையத்தில் மலை என்று தேடினால் பனி இல்லாத மலை எங்கே கிடைக்கிறது? குதிரைக்கு வெள்ளை உடம்பும் பொன்னிறப் பிடரியும் வந்தன, நெற்றியில் ஒரு கொம்பு இனாம். கதையில் அது அய்யனார் கோயில் குதிரை. புரவியெடுப்புத் திருவிழாவுக்குச் செய்த சுடுமண் குதிரை, பல்லை இளித்துக்கொண்டு, முழியைப் பிதுக்கிக்கொண்டு, முன்னங்கால் ஒன்று உடைந்து நிற்பது. ‘மண்’ என்று ஒரு சொல் கூடச் சொல்லாதது என் தப்பு. மண்குதிரையை நம்பித்தான் ஆற்றில் இறங்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கொம்புக் குதிரையை நம்பியும் இறங்கக் கூடாது.

இதில் நமக்கு நல்ல துணை உண்டு. 1965-இல் அமெரிக்காவில் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘ஹாபிட்’ என்ற மாயாஜால நாவல் மலிவுப் பதிப்பாக வந்தது. அட்டை வரைந்த பார்பரா ரெமிங்டனுக்குக் கதையைப் படிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அட்டையில் ஒரு சிங்கம், இரண்டு ஈமு கோழிகள், முன்னால் இளஞ்சிவப்புக் குமிழ்கள் தொங்கும் ஒரு மரம். கதையில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. டோல்கீன் கிழவர் கொதித்துப்போய்த் தன் லண்டன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அடுத்தடுத்த அச்சில் சிங்கத்தை மட்டும் எடுத்தார்கள், ஈமுக்கள் தங்கிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு அந்தப் பழைய அட்டையைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் பனிக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்று சொல்லி வீட்டில் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

முக்காட்டுக்காரன் முதுகைக் காட்டுவது சிக்கனத்துக்காக. முகம் என்று ஒன்று வந்தால் கதாநாயகன் இப்படியா இருப்பான் என்ற கேள்வி வரும். இப்போது இயந்திரம் வரைந்து தரும் படங்களில் முகமும் தாராளமாகக் கிடைக்கிறது, கூடவே சில சமயம் ஆறாவது விரலும். ஆறு விரல் அதிர்ஷ்டம் என்பார்கள், போகட்டும்.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்த காலத்தில், பள்ளிக்கூட நோட்ஸ் வாங்கப் போய் யாளித் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறேன். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், கீழே நிற்பவன் மேல் இதோ பாயப்போகிறேன் என்கிற நிற்பு. அதைச் செதுக்கியவன் ‘யாளி’ என்ற சொல்லை எங்கும் தேடவில்லை. அதே ஊரில் அச்சாகும் யாளிக் கதைக்கு நாம் இறக்கை வைத்த டிராகனை ஒட்டுகிறோம்.

தலைப்புக்கு வருகிறேன். நாலு ‘இன்’ போட்டவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் கதையில் வேதாளம் குயவர் மகனுக்கு ஒரு வேலைக் கொடுக்கிறது, ஈட்டி மாதிரியான வேல். ஆகவே நாவலுக்கு ‘வேலைக் கொடுத்த வேதாளம்’ என்று பெயர் வைத்தேன். டிசைனர் வைத்திருந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. ‘வே’யின் இரட்டைக் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. குதிரைக்கு ஒரு கொம்பு அதிகம், வேதாளத்துக்குக் கொம்பு இடம் மாறிவிட்டது. பதிப்பாளர், நான், பிழை பார்ப்பவர் மூவரும் ராத்திரி 11 மணிக்கு அந்தக் கொம்பை இழுத்து முன்னால் வைப்பதிலேயே குறியாக இருந்தோம். புத்தகம் கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் பார்த்தோம், ‘க்’ இல்லை. ‘வேலை கொடுத்த வேதாளம்’.

வலி மிகாத இடத்தில் எனக்கு மிகுந்தது வலி. வேதாளம் வேலைவாய்ப்பு அதிகாரி ஆகிவிட்டது. ஸ்டாலில் இருந்த பையன் தலைப்பை மட்டும் பார்த்து, போட்டித் தேர்வு வரிசையில் அடுக்கிவிட்டான். தப்பு அவன் மேல் இல்லை.

கடைசி நாள் கணக்குப் பார்த்தோம். நாவல் வரிசையில் வைத்ததில் இரண்டு பிரதி போயிருந்தது. குரூப் 4 பக்கம் இருந்ததில் பதினொன்று, உன்னுடையதையும் சேர்த்து. அடுத்த அச்சுக்கு மலையில் பனியை எடுத்துவிடலாம் என்று பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். ‘க்’ போடுவதைப் பற்றி மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.