கையில் காசு குறைவு, மலையேறும் ஆசை அதிகம்: எதை வாங்குவது, எதை விடுவது?

முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஓரிரு இரவு மலையில் தங்கி நடக்க ஆசை, ஆனால் சாமான்களின் விலையைப் பார்த்ததும் அந்த ஆசை வடிந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். வடிய விடாதீர்கள். கால், தூக்கம், மழை. இந்த மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதில் பாதி வீட்டிலேயே கிடக்கிறது, மீதி தேவையே இல்லை.

முதலில் கால். கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் இல்லாமல் மலைப்பக்கமே போகக்கூடாது என்பார்கள். ஒழுங்கான தடம் உள்ள பாதை, சுமையும் குறைவு என்றால் அடியில் நல்ல பிடிப்புள்ள ஓட்டப்பயிற்சி ஷூவே போதும். மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், அந்நேரம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். இறக்கத்தில் விரல் நுனி முன்னால் போய் இடிக்காத அளவு இடம் வேண்டும். பூட்ஸில் மிச்சமான பணத்தில் நல்ல சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஊறிப்போய் மடியும். அந்த மடிப்பு உரசுகிற இடத்தில்தான் கொப்புளம் கிளம்பும். லேசாகச் சூடு தெரிந்ததுமே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு டேப் ஒட்டிவிட வேண்டும். அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால், அங்கே போய்ப் பார்க்கும்போது தோல் உரிந்திருக்கும்.

அடுத்து தூக்கம். எல்லோரும் ஸ்லீப்பிங் பேக்கில், அதாவது உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பையில், பணத்தைக் கொட்டிவிட்டு, கீழே விரிப்பதை மறந்துவிடுகிறார்கள். நம் உடம்புக்கு அடியில் அந்தப் பையின் பஞ்சு நசுங்கிக் கிடக்கும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் கதகதப்பும் இல்லை. தரை நம் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு சாதாரண ஃபோம் மேட் கட்டாயம். காற்றடிக்கும் மெத்தையைவிட விலை குறைவு, முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, வழியில் உட்காரவும் உதவும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது வெளியே பெரிதாக அச்சிட்ட வெப்பநிலையை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது நடுங்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. லேபிளில் 'கம்ஃபர்ட்' என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 முதல் 7 டிகிரி வரை குளிர் கூடும். அடிவாரத்து வானிலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மழைக்கு ஒரு நல்ல ரெயின்கோட். முதுகுப்பைக்கு வெளியே மாட்டும் உறை வேண்டாம், முதுகுப் பக்கம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தடித்த பிளாஸ்டிக் குப்பைப் பை ஒன்றை முதுகுப்பைக்குள் விரித்து, துணியையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிவிட்டால் போதும். போட்டுக்கொள்ள, விளையாட்டுக்கு வாங்கிய பாலியெஸ்டர் டி-ஷர்ட் போதும். உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம்.

வாங்க வேண்டாதவை: கத்தி, கரண்டி, கோடாலி எல்லாம் ஒன்றாய் மடங்கும் கருவி, எஃகுத் தண்ணீர்க் குடுவை, மடக்கு நாற்காலி. கடையில் தண்ணீர் வாங்கிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 40 கிராம்கூட இருக்காது. ஓடைத் தண்ணீரை நுரை பொங்க ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமி சாகும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம். மலையேறுபவர்களுக்கென்றே விற்கும் உலர் உணவுப் பொட்டலங்கள் பணத்துக்குப் பிடித்த கேடு. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. அதனால் கொழுப்பு மிகுந்த கொட்டைகளும், கூடவே உலர்பழமும் எடுத்துக்கொண்டு ஓரிரவை அடுப்பே இல்லாமல் ஓட்டிவிடலாம். அப்போது குடிதண்ணீருக்குக் குளோரின் மாத்திரை.

டென்ட்டை முதல் தடவை வாடகைக்கு எடுங்கள், இல்லை நண்பரிடம் கேளுங்கள். பழையது வாங்கினால் விரித்து உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால் நீர்புகாப் பூச்சு செத்துவிட்டது, வேண்டாம். ஜிப்பை எல்லா மூலையிலும் இழுத்துப் பாருங்கள். பழைய பூட்ஸ் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். பல பூட்ஸின் அடியில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை, போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலே வருடக்கணக்கில் உளுத்து, நடக்கும்போது பொடிப்பொடியாக உதிரும்.

குறைந்த சாமானோடு நடக்கிற பேச்சு வந்தால் யாராவது எம்மா கேட்வுட் பாட்டியை இழுப்பார்கள். 1955-இல் 67 வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தவர். தானே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் கேன்வாஸ் ஷூ. உண்மைதான். ஆனால் காலமெல்லாம் பண்ணை வேலை செய்து உரமேறிய உடம்பு அது, வழியில் பல வீடுகளில் அவருக்குச் சோறும் படுக்கையும் கிடைத்தன என்பதைச் சொல்ல மாட்டார்கள். சாமான் குறைவாக இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. தயாரிப்பே வேண்டாம் என்பதற்கு அல்ல.

தங்குமிடச் செலவு போகிற நாட்டைப் பொறுத்தது. நார்வே, ஸ்வீடன், ஸ்காட்லாந்தில் திறந்தவெளியில் காசு கொடுக்காமல் கூடாரம் போடச் சட்டமே இடம் தருகிறது, சில நிபந்தனைகளோடு. மற்ற பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், அபராதம் அதைவிடப் பெரிது.

நேரக் கணக்குக்கு 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நிற்காமல் நடப்பவருக்கு. புதிதாக வருபவர் அதற்கு மேல் பாதியைக் கூட்டிக்கொள்ளலாம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தங்குமிடம் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொண்டு, எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

முதுகுப்பையை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள். முதலிலேயே 70 லிட்டர் பை வாங்கினால் அதை நிரப்பச் சாமான் தேடுவீர்கள். எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு பெட்டியில் அடுக்கிப் பார்த்தால் எவ்வளவு பெரிய பை வேண்டும் என்று தெரிந்துவிடும். உணவு, தண்ணீர் உட்பட மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. உங்கள் சாமானையே கொண்டுபோய் உள்ளே வைத்து, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்கி, தோள்பட்டியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சுமை இடுப்பில் இறங்காமல் தோளிலேயே தொங்கினால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தப் பை உங்களுக்கு ஆகாது.