40 புள்ளி போதுமா?

கேள்வி: எங்க டீம் சனிக்கிழமையும் தோற்று 18-வது இடத்துக்கு வந்துவிட்டது சார். இங்கிலாந்து கால்பந்து பிரீமியர் லீகில் 40 புள்ளி எடுத்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிக்கலாம் என்று ரூம் பசங்க சத்தியம் செய்கிறார்கள், நிஜமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மனதைத் தேற்றிக்கொள்ளப் போட்ட கணக்கு அது. 2002-03-ல் வெஸ்ட் ஹாம் அணி 42 புள்ளி எடுத்தும் கீழே போனது. இரண்டே வருஷம் கழித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் கிடந்த வெஸ்ட் பிராம், வெறும் 34 புள்ளியோடு கடைசி நாள் ஆட்டத்தில் தப்பித்தது. 20 அணியில் கடைசி மூன்று இறங்கும், அவ்வளவுதான் விதி. மீதியெல்லாம் மேலே இருப்பவர்கள் எவ்வளவு சொதப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அப்புறம், கோல் வித்தியாசத்தையும் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) பாருங்கள், புள்ளி சமமானால் அதுதான் பேசும், அதனால் 0-4 தோல்விக்கு 0-1 எவ்வளவோ தேவலை. 17-வது அணியோடு ஆட்டம் பாக்கி இருக்கிறதா? அதை ஜெயிக்கச் சொல்லுங்கள்.