செக்கு எண்ணெயும் தொள்ளாயிரம் இலையும்

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக மாதம் 34,000 ரூபாய் கைக்கு வருகிறது. அம்மாவும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் என்னோடு இருக்கிறார்கள். அப்பா ஊரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். 2018 கஜா புயலில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. திரும்ப வைத்தவை இப்போதுதான் காய்ப்புக்கு வருகின்றன. தை மாதம் எனக்குத் திருமணம். டெபாசிட், ஆர்.டி. எல்லாம் சேர்த்து என்னிடம் 4,20,000 ரூபாய் இருக்கிறது. அப்பா 2 லட்சம் தருகிறார். ஆனால் மண்டபம், 900 இலை என்று அவர் போட்ட கணக்கு 11 லட்சத்தைத் தாண்டுகிறது. மீதிக்கு என் பெயரில் 5 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாம் என்கிறார். எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஆசை வேறு. கோயிலில் தாலி கட்டி, 150 பேருக்குச் சாப்பாடு போட்டு, மொய் வாங்காமல் இயற்கை முறையில் முடிக்க வேண்டும். அப்படி நடத்தித் தரும் குழு ஒன்று அலங்காரத்துக்கு மட்டும் 1,80,000 கேட்கிறது. மூன்று வருடமாக வீட்டில் செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, வீட்டுச் சமையல்தான். கல்யாண அலைச்சலில் அதுவும் கெட்டுவிட்டது. போன மாதம் பார்சலுக்கு மட்டும் 5,600 ஆகியிருக்கிறது. ‘கல்யாணம் முடியும் வரை பாக்கெட் எண்ணெய்க்கும் சாதாரண அரிசிக்கும் மாறினால் மிச்சமாகுமே’ என்கிறார் அம்மா. மாறிவிடலாமா? மாதச் சமையலறைச் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் அம்மா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பட்டியல்படி மாதம் 4 லிட்டர் எண்ணெய். செக்கு எண்ணெய்க்கும் பாக்கெட் எண்ணெய்க்கும் லிட்டருக்கு 160 ரூபாய் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 640. அரிசி 20 கிலோ, கிலோவுக்கு 35 ரூபாய் கூடுதல், அது 700. இரண்டும் சேர்த்து மாதம் 1,340. தைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, எனவே மொத்தம் 8,040 ரூபாய்.

உங்கள் சமையல்காரர் மதியச் சாப்பாட்டுக்குச் சொன்ன விலை இலைக்கு 350. அதாவது, மூன்று பேர் ஆறு மாதம் நல்ல எண்ணெயையும் அரிசியையும் விட்டுக்கொடுத்து மிச்சம் பிடிப்பது 23 இலைக்குத்தான் வரும். அப்பாவின் 900-ல் 23 பேர் வராமல் போனால் பந்தியில் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எண்ணெயை மாற்ற வேண்டாம்.

ஆனால் அதே பட்டியலில் வேறு சில வரிகள் என் கண்ணில் பட்டன. ராகி மால்ட் மிக்ஸ், தேன் நெல்லிக்காய், மூலிகை டீத்தூள், கம்பு பிஸ்கட், ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று அட்டை ஒட்டிய தொக்கு வகைகள். கூட்டினால் 3,200. இவை எல்லாம் இயற்கை என்ற பெயரில் வாங்கும் பாக்கெட் பண்டங்கள். கேழ்வரகை முளைகட்டி அரைத்து வைத்தால் அதே மால்ட்தான். எளிமையாக வாழ்வது செலவைக் குறைக்கும். இயற்கையாக வாழ்வது பல சமயம் செலவைக் கூட்டும். இரண்டையும் ஒரே வாழ்க்கைமுறை என்று நினைத்து ஒரே பையில் போட்டால், எந்தப் பக்கம் பணம் ஒழுகுகிறது என்பதே தெரியாமல் போகும். என்னிடம் வருகிறவர்களில் இயற்கை உணவுக்கு மாறிய பாதிப் பேர் வீட்டில் நடப்பது இதுதான்.

எண்ணெய் விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு ஆட்ட வேண்டும். சந்தையில் பருப்பு விலையைக் கேட்டு இரண்டரையால் பெருக்குங்கள். அதற்கு வெகு கீழே யாராவது ‘மரச்செக்கு எண்ணெய்’ விற்றால், அது செக்கில் ஆட்டியதுதானா என்று யோசிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் கடலை விளைகிறது. அறுவடைச் சமயத்தில் அப்பா இரண்டு மூட்டை வாங்கிப் போட்டு, உடைத்து, செக்கில் ஆட்டினால் கடலை விலைக்கு மேல் கூலி மட்டும்தான் செலவு. புண்ணாக்கு மாட்டுக்கு ஆச்சு. மாடு இல்லாவிட்டால் புண்ணாக்கை விற்றுக் கூலியில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

அப்புறம் பார்சல். 5,600 ரூபாய் ஆனதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. சனி ஞாயிறு முழுக்க என்எஸ்பி ரோட்டிலும் பெரிய கடைவீதியிலும் அலைந்துவிட்டு இரவு எட்டரைக்கு வீடு திரும்பினால் யாருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தோன்றும்? வியாழன் இரவே சனி, ஞாயிறுக்கான வேலையை முடித்து வையுங்கள். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, இட்லி மாவு, கொஞ்சம் வத்தக்குழம்பு. இவை இருந்தால் திரும்பி வந்ததும் சோறு மட்டும் வடித்தால் போதும். கடைக்குப் போகும் நாளில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள் சோற்று மூட்டை கொண்டுபோவது நம் ஊரில் ஒன்றும் புதிதில்லை. பார்சலை 1,600-க்குள் நிறுத்தினால் அதில் 4,000, பாக்கெட் பண்டங்களை விட்டால் 3,200. மாதம் 7,200 வீதம் ஆறு மாதத்தில் 43,200. செக்கு எண்ணெயைத் தொடாமலே ஒரு நல்ல பட்டுக்குப் பணம் வந்துவிட்டது. பட்டு என்றதும் ஒன்று, கும்பகோணம் பக்கத்தில் திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே விற்கிறது. கடைவீதி விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இனி கல்யாணத்துக்கு வருவோம். சமையல்காரர் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை இலை?’ என்பது. அந்த ஒரு எண்ணைச் சொன்ன கணத்தில் மற்ற எல்லாச் செலவும் தீர்மானமாகிவிடுகிறது. மண்டபத்தின் அளவு, நாற்காலி, தாம்பூலப் பை, பரிமாறும் ஆட்கள், பேருந்து எல்லாமே அதன் பின்னால்தான் வரும். அழைப்பிதழை மலிவுத் தாளில் அடித்தோ, வீடியோவை வேண்டாம் என்றோ மிச்சம் பிடிப்பதெல்லாம் சில்லறை. என் தங்கை கல்யாணத்தில் 700 இலைக்குச் சொல்லிவிட்டோம். அன்று மழை, வந்தவர்கள் 480 பேர். எழுதிய ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச இலை 700 என்று இருந்ததை யாரும் படிக்கவில்லை, முழுப்பணமும் கொடுத்தோம். சாயங்காலம் இரண்டு அண்டா சாம்பாரை வாய்க்காலில் கவிழ்த்ததை நான் கையில் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆகவே ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச இலையைக் குறைவாகப் போட்டு, மூன்று நாள் முன்னால் இறுதி எண்ணிக்கை சொல்வதாக எழுதி வாங்குங்கள். மண்டபச் சாவியை வாங்கும்போதே மின் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். வாடகை தவிர மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு என்று பின்னால் வரும் பில்தான் கடைசி நாளில் கழுத்தை நெரிக்கும்.

சரி, 150 இலை என்கிற உங்கள் ஆசைக்கு என் வாக்கு உண்டு. ஆனால் ‘மொய் இல்லாமல்’ என்பதற்கு இல்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஆலங்குடிப் பக்கம் பிறந்த பெண்ணுக்கு நான் மொய்யைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் மொய் விருந்துப் பந்தல் எழும் ஊர் அது. உங்கள் அப்பா ஏன் 900 இலை என்று நிற்கிறார் என்று யோசித்தீர்களா? நீங்கள் அதை வெறும் பெருமை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது வசூல் என்று படுகிறது. இருபது வருடமாக ஊரில் ஒவ்வொரு காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அவர் வைத்த பணம் அந்த ஊரிலேயே சிதறிக் கிடக்கிறது. அழைப்பிதழில் ‘மொய் தவிர்க்கவும்’ என்று நீங்கள் அச்சடித்தால், அவருடைய சேமிப்பை அவரைக் கேட்காமல் தள்ளுபடி செய்கிறீர்கள்.

அதே சமயம், மொய் வரவு என்று நம்பிக் கடன் வாங்குவதும் தப்பு. வருவதில் ஒரு பங்கு பழைய மொய். அது அப்பா கொடுத்தது திரும்பி வருவது. மீதி புதிதாக வைக்கப்படுவது. அது உங்கள் தம்பி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் திருப்பி வைக்க வேண்டிய கடன். வட்டி இல்லை என்பதால் கடன் என்று தோன்றுவதில்லை. இன்னொன்று, பழைய மொய்யைக் காலம் அரித்துவிடும். 2004-ல் ஒரு பவுன் ஐந்தாயிரத்துக்குள் இருந்தது; அன்று 500 ரூபாய் வைத்தவர் அதில் முக்கால் கிராமுக்கு மேல் தங்கம் வாங்கியிருக்கலாம். இன்று அது இரட்டிப்பாக 1,000 ரூபாயாகத் திரும்பி வந்தாலும் கையில் என்ன நிற்கும் என்று பாருங்கள்.

அதனால் நான் சொல்வது, இரண்டையும் பிரித்துவிடுங்கள். தாலி கட்டுவது நீங்கள் விரும்பும் கோயிலில், 150 பேரோடு, செலவை மாப்பிள்ளை வீட்டாரோடு பாதிப் பாதியாக. அடுத்த ஞாயிறு ஊரில் அப்பாவின் விருந்து, ஒரே வேளை, மொய் நோட்டில் பெயர் உள்ள வீடுகளுக்கு மட்டும். 350 இலைக்கு மேல் போகாது என்று நினைக்கிறேன். கிராமத்துச் சமையல்காரர் இலைக்கு 300-க்குள் முடித்துத் தருவார் என்றால் 1,05,000. கோயில் சாப்பாட்டில் உங்கள் பங்கு 26,000-ஐ ஒட்டி வரும். துணிமணி, கோயில் கட்டணம், சமுதாயக்கூடம், போட்டோ, போக்குவரத்து எல்லாம் சேர்த்தாலும் நான்கு லட்சம், நான்கே கால் லட்சத்துக்குள் முடியும். உங்களிடமும் அப்பாவிடமும் இருப்பது 6,20,000. ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள். கடனே தேவையில்லை.

அந்தக் கடனைப் பற்றி ஒரு வரி. 5 லட்சம், 13 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 11,400-ஐ நெருங்கும். வட்டி மட்டும் 1,80,000-க்கு மேல். உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாள் சாப்பாட்டுக்காக அறுபது மாதம். வீட்டில் அம்மாவின் நகை இருந்தால் அதை விருந்துக்காக அடகு வைக்கவும் வேண்டாம், புது டிசைனுக்கு மாற்றவும் வேண்டாம். மாற்றும்போது பழையதற்குத் தங்கத்தின் விலை மட்டும்தான் கிடைக்கும். புதியதற்குச் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் உங்கள் தலையில். பாலிஷ் போட்டால் போதும். புதிதாக வாங்கும் தங்க நகை எதுவானாலும் ஹெச்யூஐடி என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

இயற்கை அலங்காரத்துக்கு 1,80,000 என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் மகள் தென்னங்குருத்துக்குக் காசு கொடுப்பதா? புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் குருத்து வெட்ட அப்பா விடமாட்டார், விடவும் கூடாது. பழைய மரத்தில் கொஞ்சம் எடுக்கலாம். மாவிலைத் தோரணம், குலை தள்ளிய இரண்டு வாழை, வாசலில் பெரிய கோலம் இருந்தால் போதும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. பாரம்பரிய அரிசி மேல் உள்ள ஆசையில் 350 பேருக்கும் மாப்பிள்ளைச் சம்பா வடிக்கச் சொல்லிவிடாதீர்கள். முதல் நாளே ஊற வைக்க வேண்டும், வேக நேரம் பிடிக்கும், பழகாதவர்கள் இலையில் ஒதுக்கிவிடுவார்கள். விலை கூடின சோறு குப்பைக்குப் போகும். சோற்றுக்குத் தூயமல்லி போதும், வெள்ளையாக மெல்லியதாக இருக்கும். செட்டிநாட்டுப் பந்தியில் வைப்பதுபோல் கவுனி அரிசி இனிப்பு ஒரு கரண்டி வைத்தால் அதைத்தான் ஊர் பேசும்.

வரி விஷயம் சுருக்கமாக. மணமக்களுக்குத் திருமணத்தில் வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. அந்தச் சலுகை பெற்றோருக்கு இல்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் அப்பா பெறுவது 50,000-ஐத் தாண்டினால் வரிக்கணக்கில் வரும். அப்பா கணக்கில் மொய்ப்பணத்தைப் போடுவதற்கு முன் ஓர் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். எந்த ஒருவருக்கும் ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். கல்யாணத்துக்கு முன்பு பிஎஃப்-ல் செய்த நாமினேஷன் அதற்குப் பிறகு செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும்.

இந்த ஞாயிறு ஊருக்குப் போங்கள். இலை எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சை எடுக்காமல், ‘அப்பா, மொய் நோட்டைக் கொடுங்க, நான் கூட்டித் தரேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பழைய நோட்டுகளையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, பக்கம் பக்கமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். எத்தனை வீடு, எவ்வளவு பணம் என்று முடிவதற்குள் எத்தனை இலை என்பதும் தானாகவே வந்துவிடும். இறந்துபோனவர்கள் பெயருக்கு நேரே அவர்கள் பிள்ளைகளின் பெயரையும், இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் அப்பாவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.