பழைய ஐ5-2400 நல்லதா, ஐ3-4130 நல்லதா?

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் மகளுக்காகப் பாவித்த கணினி பார்க்கிறீர்கள். ஒன்றில் இன்டெலின் ஐ5-2400 செயலி (கணினியின் மூளை), மற்றதில் ஐ3-4130; இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்கிறீர்கள். அப்படியானால் நான் ஐ5-2400ஐத்தான் எடுப்பேன்.

இது 2011இல் வந்தது, ஐ3-4130 2013இல் வந்தது. புதியது என்பதால் ஐ3இன் ஒவ்வொரு கோரும் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொஞ்சம் வேகம். வேர்ட், பிடிஎஃப் மட்டும் என்றால் அதுவே முந்தும். ஆனால் அதில் இருப்பது இரண்டு கோர்தான். நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை) என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான், என்றாலும் அது நான்கு கோருக்கு ஈடாகாது. ஸூம் வகுப்பு ஓட, பக்கத்தில் பத்து டேப் திறந்திருந்தால் ஐ5இன் நான்கு கோர் கைகொடுக்கும்.

மின்சாரத்தில் ஐ3 சிக்கனம்: 54 வாட், மற்றது 95. இவை உச்ச வேலைக்கான கணக்கு. சும்மா இருக்கும்போது இவ்வளவு வித்தியாசம் வராது.

செயலியைப் பொருத்தும் சாக்கெட் வேறு வேறு என்பதால் பிறகு ஒன்றைக் கழற்றி மற்றதைப் போட முடியாது. விண்டோஸ் 11க்கு இரண்டுமே அதிகாரபூர்வமாகத் தகுதியில்லை. அப்புறம், ஹார்ட் டிஸ்க்கோடு வரும் ஐ5ஐ விட எஸ்எஸ்டியோடு (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகம்) வரும் ஐ3 மேல். நுவரெலியாக் குளிர் பார்த்துக்கொள்ளும் என்று விசிறித் தூசியைத் துடைக்காமல் விடவும் வேண்டாம்.