கித்தான் கூடாரமும் மலைமழையும்: வாசகர் கேள்வி–பதில்

நான்கு பக்கமும் நேர்ச்சுவரும் மேலே இரு சரிவுக் கூரையும் உள்ள பருத்திக் கித்தான் கூடாரத்தைப் பற்றி மலைப்பகுதி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் வரும் அளவுகள் 10-க்கு 12 அடித் தரையும், 5 அடிச் சுவரும், 8 அடி முகடும் கொண்ட கூடாரத்துக்கானவை. உங்களுடையது பெரிது என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கிய கூடாரம். முதல் மழையிலேயே தையல் ஓரங்களில் பன்னீர் தெளித்ததுபோல் உள்ளே தூறியது. கடையில் கேட்டால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (வாசகர், கோத்தகிரி)

இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பருத்தி இழை தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பிய இழைகள் ஒன்றையொன்று நெருக்கி நெசவின் இடைவெளியை அடைக்கும். தையல் ஊசி போட்ட துளைகளும் அப்படித்தான் அடைபடுகின்றன. தறியிலிருந்து வந்த புதுத் துணியில் இந்த நெருக்கம் இன்னும் ஏற்பட்டிருக்காது. அதனால் முகாமுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே கூடாரத்தை நனைத்துப் பழக்க வேண்டும்.

வெயில் நிச்சயம் என்று தெரிந்த நாளில் முழுவதுமாகக் கட்டி நிறுத்துங்கள். கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள், ஏனென்றால் நனையும்போது துணி சுருங்கும். ரப்பர் குழாயால் மேலிருந்து கீழாகக் கூரை, சுவர், தையல் ஓரம் எல்லாம் ஊறும்வரை தண்ணீர் விடுங்கள். வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். பிறகு கட்டியபடியே முழுக்கக் காயவிடுங்கள். இப்படி இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் போதும். மூன்றாம் முறையும் ஒரே இடத்தில் சொட்டினால் அந்த இடத்தில் வெளிப்பக்கத் தையல்மேல் தேன்மெழுகுக் கட்டியைத் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டுங்கள். மெழுகு உருகி ஊசித்துளைக்குள் இறங்கிவிடும். எடுத்த எடுப்பிலேயே எல்லாத் தையலுக்கும் மெழுகு பூசிவிடாதீர்கள். மெழுகு ஏறிய நூல் தண்ணீர் குடிக்காது, ஆகவே உப்பவும் செய்யாது.

கூரைமேல் நீலத் தார்பாயை விரித்து நான்கு மூலையிலும் கட்டிவிட்டால் மழைப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (வாசகி, குன்னூர்)

தார்பாய் போடுவது மிக நல்ல யோசனை. கித்தானைத் தொடும்படி விரிப்பதுதான் தவறு. பருத்தித் துணி உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரத்தை வெளியே விடக்கூடியது. பிளாஸ்டிக் விடாது. இரண்டும் ஒட்டிக் கிடந்தால் ஈரம் நடுவில் தங்கும். அடைமழை நாட்களில் அந்த இடத்தில் இரண்டே நாளில் பூசணம் தொடங்கிவிடலாம். காற்றடித்தால் தார்பாய் படபடத்து, கித்தானை உப்புத்தாள்போல் தேய்த்துத் தீர்க்கும்.

இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு அங்குல இடைவெளி வேண்டும். முன்னும் பின்னும் கூடாரத்துக்கு வெளியே ஒன்பது அடி உயரத்துக்கு ஒவ்வொரு கம்பு நட்டு, இரண்டுக்கும் நடுவே முகட்டுக்கு மேலாக ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டி, அதன்மேல் தார்பாயைப் போடுங்கள். கம்புகளுக்கும் வெளிப்பக்கம் இழுகயிறு கட்டாயம், இல்லாவிட்டால் அவை உள்நோக்கிச் சாயும். கடையில் 15-க்கு 18 அடி கேளுங்கள். கூரைச் சரிவு ஒரு பக்கம் ஆறு அடி வரும். 15 அடி அகலம் இரண்டு சரிவையும் மூடி, பக்கத்துக்கு ஒன்றரை அடி வெளியே நிற்கும். 18 அடி நீளத்தில் பின்னால் ஒன்றரை அடி விட்டால் முன்னால் நாலரை அடி மீதி. ஈரச் செருப்பும் மழைக்கோட்டும் வைக்க அந்தத் திண்ணை பெரிய உதவி. கனம் 150 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 150 கிராம்) குறைய வேண்டாம்.

தார்பாயின் கயிறுகளுக்குத் தனி முளை அடியுங்கள். கூடாரத்தின் முளையிலேயே கட்டினால், தார்பாயைக் காற்று தூக்கும் ஒவ்வொரு முறையும் கூடாரம் சேர்ந்து குலுங்கும்.

மாலையில் கயிறுகளை நன்றாக இறுக்கிவிட்டுப் படுத்தோம். நள்ளிரவு மழையில் இரண்டு முளை பிடுங்கிக்கொண்டது, ஒரு ஐலெட் (கயிறு கோக்கும் வளையத் துளை) கிழிந்தது. காற்றே இல்லை. காரணம் என்ன? (வாசகர், ஏற்காடு)

நனைந்த கித்தான் சுருங்கியிருக்கிறது. கட்டியது பருத்திக் கயிறோ சணல் கயிறோ என்றால் அதுவும் சேர்ந்து சுருங்கியிருக்கும். ஏற்கெனவே விறைப்பாக நின்றதை இரண்டும் இழுத்தால் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். மழை வரும்போல் இருந்தால் படுக்கும் முன் எல்லாக் கயிற்றையும் சற்றுத் தளர்த்துங்கள். கயிற்றின் நடுவில் கையால் அழுத்தினால் நாலு விரல் தாழ வேண்டும். மழை விட்டுத் துணி காய்ந்தபின் மறுபடி இறுக்கலாம்.

நைலான் கயிறு இதற்கு நேர் எதிர்: நனைந்தால் நீளும். கூரை தொய்ந்து குளம் கட்டும். இரண்டடிச் சதுரத்தில் மூன்று அங்குல ஆழம் தண்ணீர் நின்றாலே 28 கிலோ பாரம். அதனால் ஆறு மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறே நல்லது, ஈரத்தில் அது அநேகமாக மாறாது. ஒவ்வொரு கயிற்றிலும் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் துண்டை வளையமாக்கி இடையில் கட்டினால், காற்றின் வெட்டு இழுப்பை ரப்பர் வாங்கிக்கொள்ளும், ஐலெட் தப்பும்.

முளை அடிக்கும் விதமும் முக்கியம். ஐந்தடிச் சுவருக்குச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க அடியுங்கள். மூலைகளுக்கும் முகட்டுக் கயிறுகளுக்கும் ஒன்றரை அடி முளை, மற்றவற்றுக்கு ஓரடி போதும். ஊறிய செம்மண்ணில் ஒற்றை முளை நிற்காது. மூன்றடி பின்னால் இன்னொன்று அடித்து, முன் முளையின் தலையிலிருந்து பின் முளையின் அடிக்குக் கயிறு கட்டுங்கள். தலைக்குத் தலை கட்டினால் பின் முளையும் சேர்ந்து சாயும்.

நனைந்த கூரையை உள்ளிருந்து தொட்டால் ஒழுகும் என்பது மூடநம்பிக்கையா? (மாணவர், ஏலகிரி)

உண்மை. நெசவின் துளைகளில் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் நிற்கிறது. விரலோ, பையோ, கொடியில் போட்ட துண்டோ பட்டால் அந்தப் பிடி அறுந்து அங்கே சொட்டத் தொடங்கும். பட்டுவிட்டால் பதற வேண்டாம். அதே இடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் சுவர்வரை கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடிச் சுவர் வழியாக இறங்கிவிடும்.

கூரை ஒழுகவில்லை, ஆனால் தரையில் தண்ணீர் புகுந்து பாய் நனைகிறது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டலாமா? (வாசகர், வால்பாறை)

முதலில் தரைவிரிப்பைப் பாருங்கள். அது சுவருக்கு வெளியே ஓரங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், சுவரில் வழியும் மழையெல்லாம் அதன்மேல் விழுந்து உள்ளே ஓடிவரும். சுவரின் அடியில் முக்கால் அடி அகலத் தொங்குதுணி இருக்கிறதல்லவா, அதை உள்பக்கமாக மடித்துப் போட்டு அதன்மேல் விரிப்பு வர வேண்டும். விரிப்பின் ஓரத்தை நாலு அங்குலம் மேல்நோக்கி மடக்கி நிறுத்துங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

வாய்க்கால் உங்கள் சொந்த நிலம் என்றால் மட்டும், அதுவும் மேட்டுப் பக்கத்தில் மட்டும், நாலு அங்குல ஆழம். வனத்துறை அனுமதி பெற்றுத் தங்கும் இடத்திலும் சோலைப் புல்வெளியிலும் மண்வெட்டியைத் தொடவே கூடாது. புல்லின் வேர்ப்பிடி அறுந்த சரிவு மழையில் அரிக்கத் தொடங்கினால் எளிதில் நிற்காது. மெல்லிய சரிவும், பின்பக்கம் காற்றுக்குக் காட்டும் திசையும் பார்த்து இடம் பிடித்தால் வெட்டவே தேவையிராது. தைல மரத்தடி மட்டும் வேண்டாம், காற்றில் கிளை முறிந்து விழும்.

உதகையில் மார்கழிக் குளிர். மழையே இல்லாமல் காலையில் கூரையின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. கரிச்சட்டி வைத்தால் குளிரும் ஈரமும் போகுமா? (வாசகி, கோவை)

வைக்காதீர்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஈரத்தில் உப்பிய கித்தான் மழையைத் தடுப்பதுபோல் காற்றையும் தடுக்கும், ஆகவே ஆபத்து இன்னும் கூடுதல். நீங்கள் பார்ப்பது ஒழுகல் அல்ல. மூச்சு ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. முன்னும் பின்னும் முகட்டருகே ஒரு சாண் திறப்பு இரவு முழுவதும் இருக்கட்டும். குளிருக்குக் கம்பளியைக் கூட்டுங்கள். பாய்க்கு அடியில் வைக்கோலோ தடித்த விரிப்போ போட்டால் பாதிக் குளிர் குறையும்.

சுவரின் அடிப்பகுதியில் கரும்புள்ளிகள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைக்கலாமா? (வாசகர், கொடைக்கானல்)

பிளீச்சிங் பவுடர் பூசணத்தோடு பருத்தி இழையையும் தையல் நூலையும் சேர்த்து அரிக்கும். சோப்புத்தூளும் ஆகாது. அதன் மிச்சம் துணியில் தங்கினால் தண்ணீர் சுலபமாக உள்ளே ஊடுருவும்.

வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டி எடுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, அரைமணி ஊறவிட்டு, மறுபடி தேய்த்து அலசிக் காயவையுங்கள். பூசணம் சாகும், கறை போகாது. கறைக்காகத் துணியைப் பாடாய்ப் படுத்த வேண்டாம். புள்ளி உள்ள இடத்தை இரு கட்டைவிரல்களால் பிடித்து இழுத்துப் பாருங்கள். கிழியாவிட்டால் இன்னும் உழைக்கும். கிழிந்தால் அந்தப் பட்டையை வெட்டிப் புதுக் கித்தான் வைத்துத் தைக்க வேண்டியதுதான். அடிச்சுவர் முதலில் கெடுவதற்குக் காரணம் மழையில் தெறித்து ஒட்டும் சேறு. சேறு ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும், காய்ந்ததும் தட்டி உதறுங்கள்.

பழைய கூடாரத்துக்கு வீட்டிலேயே மழைத்தடுப்புப் பூச்சு கொடுக்க வழி உண்டா? (வாசகர், மூணாறு)

உண்டு, பழைய படிகார முறை. அரைக் கிலோ பழைய பாணிப் பார் சோப்பைச் சீவி எட்டு லிட்டர் சூடான தண்ணீரில் கரையுங்கள். டிடர்ஜென்ட் கட்டி உதவாது. தண்ணீர் மழைநீராக இருந்தால் நல்லது, உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். இன்னொரு பாத்திரத்தில் கால் கிலோ படிகாரம், எட்டு லிட்டர் சூடான தண்ணீர். கட்டி நிறுத்திய சுத்தமான கூரையில் முதலில் சோப்புக் கரைசலைப் பிரஷ்ஷால் ஊற அடித்து, அது பாதி காய்ந்ததும் படிகாரக் கரைசலை அடியுங்கள். இரண்டும் இழைக்குள் சேர்ந்து நீரில் கரையாத அலுமினிய சோப்பாகப் படியும். துளைகள் அடைபடாததால் துணியின் சுவாசம் அப்படியே இருக்கும். காய்ந்தபின் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். படிகாரத்தின் புளிப்பு தங்கினால் நாளடைவில் பருத்தியை நலிவாக்கும்.

சிலிக்கோன் பூசிய துணியில் இது பிடிக்காது. தீத்தடுப்பு ஏற்றிய துணியில் செய்யாதீர்கள். மெழுகை மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசும் வழக்கமும் சிலரிடம் உண்டு. தீப்பொறி பட்டால் கூடாரம் முழுவதும் பற்றிக்கொள்ளும், அது வேண்டவே வேண்டாம்.

முகாம் முடிகிற நாளும் மழை. ஈரத்தோடு மடித்துத்தான் ஆகவேண்டும். என்ன செய்வது? (வாசகி, தேனி)

மடியுங்கள், ஆனால் ஒரு நாளுக்குள் பிரித்துவிடுங்கள். மொட்டைமாடியோ, அதற்கும் மழை என்றால் கூடத்தில் கொடி கட்டியோ விரியுங்கள், மின்விசிறி ஓடட்டும். நடுத்துணி காய்ந்ததை நம்பாதீர்கள். மடித்துத் தைத்த ஓரம், ஐலெட்டைச் சுற்றிய தடிப்பு, அடித் தொங்குதுணி, கயிற்று முடிச்சு ஆகியவை கடைசியில்தான் காயும். அவற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்தபின் பிளாஸ்டிக் பையில் அல்ல, துணிப்பையில் போட்டு, சிமென்ட் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். முளைகளைத் தனிப் பையில் போடுங்கள், இரும்புத் துரு கித்தானைத் தின்னும். எலி வரும் வீடு என்றால் பரணில் போடாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வெயில் காட்டி, வேறு மடிப்பில் மடியுங்கள்.