தானாக மூழ்கிய சங்கிலி

அன்புள்ள ஐயா,

நான் பாலக்கோட்டுக்காரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன், வேலை போய்விட்டது. நிச்சயமான கல்யாணம் நின்றுவிட்டது. தம்பியோடு பேச்சு விட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. 'உன் வாழ்க்கையில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நீயே நூறு சதவீதம் பொறுப்பு' என்று ஒரு பேச்சாளர் சொன்னதைக் கேட்டு, ஆறு மாதமாக எனக்கு நானே கேள்வி கேட்டு நோட்டில் எழுதி வருகிறேன். எழுத எழுதக் குழப்பம்தான் கூடுகிறது. இதைக் காலையில் எழுதுவது நல்லதா, இரவிலா? எழுதியதை யாரிடமாவது காட்டலாமா?

எஸ்., பாலக்கோடு

அன்புள்ள எஸ்.,

காலையா இரவா என்பதெல்லாம் மாத்திரைக்குப் பார்க்க வேண்டியது. விடுங்கள்.

அந்த நூறு சதவீதப் பேச்சாளர் கிடைத்தால் என் பல்லைக் காட்டுவேன். பழுப்புக் கறை. உங்கள் பக்கத்திலும் பாதிப் பேருக்கு இருக்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, நம் பக்கத்து போர்வெல்கள் பலவற்றில் அது தாண்டிவிடும். பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை எனாமலிலேயே ஏறிவிடும், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியார் 'பல் விளக்காத பயல்' என்று என்னை பெஞ்சு மேல் ஏற்றினார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல். அதற்குள் எனக்குப் பல்லே ஆடத் தொடங்கிவிட்டது. இதற்கும் நான் பொறுப்பா? போகச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்துக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதுவது வேறு காரணத்துக்காக. அதன் வினைச்சொற்களைப் பாருங்கள். வேலை போய்விட்டது. கல்யாணம் நின்றுவிட்டது. பேச்சு விட்டுப்போனது. ஆறு மாதம் தன்னோடு பேசிய மனிதர், நடந்ததைச் சொல்கிற ஒரு வினையிலும் இல்லையே! வேலை என்ன கோழிக்குஞ்சா, கதவு திறந்திருந்தது என்று போக? சரி, வேலை நிஜமாகவே தானாகப் போயிருக்கலாம். ஒப்பந்தத்தில் எடுத்து ஒப்பந்தத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். அது என் பல் மாதிரி. தம்பியோடு பேச்சு? அதை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தது இரண்டு பேர்.

தமிழ் இந்த விஷயத்தில் நமக்கு ரொம்ப வசதி செய்து கொடுக்கிறது. டம்ளர் உடைந்துவிட்டது. பணம் செலவாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஏதோ தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி விலாசம் விசாரித்துக்கொண்டு வந்த மாதிரி. பள்ளியில் தன்வினை, பிறவினைக்கு 'திருந்தினான், திருத்தினான்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிய கையோடு மறந்துவிட்டோம். உங்கள் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியிலும் வினையை மாற்றிப் பாருங்கள். நின்றது என்ற இடத்தில் நிறுத்தினேன், விட்டுப்போனது என்ற இடத்தில் விட்டேன். பொய் என்றால் யோசிக்காமல் அடித்துவிடுவீர்கள். அடிக்கவும் முடியாமல், அப்படியே விடவும் முடியாமல் பேனா நிற்கிற வரி ஒன்றிரண்டு இருக்கும். மற்றதைக் கிழித்துப் போட்டாலும் நஷ்டமில்லை.

எனக்கு அந்த வரி 'மூழ்கிவிட்டது'. 1994இல் அக்காவின் இரண்டரைப் பவுன் சங்கிலியைக் கிருஷ்ணகிரியில் ஒரு அடகுக்கடையில் வைத்தேன். (அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான், பிரிந்தது 2004இல்.) சிற்றிதழ் நடத்தும் பைத்தியம். மாங்காய்க் காசு வந்ததும் மீட்டுத் தருகிறேன் என்றேன். கேட்டதும் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அந்த வருஷம் பெங்களூரா மா நன்றாகவே காய்த்தது, மாங்கூழ் ஆலைக்கு லோடு போனது, காசும் வந்தது. நான் மூன்றாவது இதழுக்குப் பேப்பர் வாங்கினேன். மூன்றாவது இதழ் வரவேயில்லை. வட்டி கட்டச் சொல்லி இரண்டு கார்டு வந்தது, அப்புறம் ஏல நோட்டீஸ். மூன்றையும் அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே செருகினேன். அக்காவிடம், "நகை மூழ்கிடுச்சுக்கா" என்றேன். ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்தானே. பிற்பாடு மேடைகளில்கூட 'இலக்கியத்தில் மூழ்கிய நகை' என்று கொஞ்சம் பெருமையாகவே பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எப்படியோ சொல்லிவிட்டேன். இல்லை, சொன்னேன். "அது மூழ்கலைக்கா. காசு இருந்துச்சு. நான்தான் மீட்கலை."

அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பின்னே, கே.ஆர்.பி. டேம்லயா மூழ்கும்?" என்றாள். "அரிசி டின்னுக்கு அடியில பேப்பர் மாத்துறது யாருன்னு நினைச்சே?"

முப்பது வருஷம்.

எழுதியதை யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தம்பி பாலக்கோட்டில்தானே இருக்கிறார்?